தண்ணீர்ப் பில்லின் கடைசி ஒன்பது கன மீட்டர்

கோலாலம்பூரில் வீட்டுத் தண்ணீர்க் கட்டணம் மூன்று படிகளாகக் கணக்கிடப்படுகிறது என்பது பில்லைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் எந்தப் படியில் தங்கள் பணம் கரைகிறது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. 2006ஆம் ஆண்டிலிருந்து 2024 ஜனவரி வரை சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா வட்டாரத்தில் முதல் 20 கன மீட்டருக்குக் கன மீட்டர் ஒன்றுக்கு 57 சென், அதற்கு மேல் 35 வரை ஒரு ரிங்கிட் 3 சென், 35ஐத் தாண்டிவிட்டால் 2 ரிங்கிட் என்ற விகிதமே நடப்பில் இருந்தது. ஒரு கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர். ஆக, முதல் படியில் 57 சென்னுக்குக் கிடைத்த அதே தண்ணீருக்கு மூன்றாம் படியில் மூன்றரை மடங்கு கொடுத்தோம்.

செத்தாப்பாக்கில் இருக்கும் எங்கள் இரட்டை மாடி வரிசை வீட்டில் அத்தை, நாங்கள் இருவர், பிள்ளைகள் மூவர் என ஆறு பேர் இருக்கிறோம். மழைநீர் பிடிக்கும் எண்ணம் வருவதற்கு முன்னால் எங்கள் மாதப் பயன்பாடு 44 கன மீட்டரை ஒட்டியே இருந்து வந்தது. அதைப் படிவாரியாகப் பிரித்தால் முதல் இருபதுக்கு 11 ரிங்கிட் 40 சென், அடுத்த பதினைந்துக்கு 15 ரிங்கிட் 45 சென், கடைசி ஒன்பதுக்கு மட்டும் 18 ரிங்கிட். மொத்தம் 44 ரிங்கிட் 85 சென்னில் ஐந்தில் இரண்டு பங்கை அந்தக் கடைசி ஒன்பது கன மீட்டர் எடுத்துக்கொண்டது. தண்ணீரைச் சிக்கனப்படுத்த வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்த எங்கள் வீட்டில் பேச்சு மாறியது இந்தக் கணக்குக்குப் பிறகுதான். வீட்டையே வறட்சிக்கு ஆளாக்கத் தேவையில்லை, அந்த ஒன்பதை ஒழித்தால் போதும் என்று முடிவு செய்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தாமானிலிருந்து, அதாவது குடியிருப்புப் பகுதியிலிருந்து, சிறிது தூரம் நடந்தால் கோம்பாக், அதாவது சிலாங்கூர் மாநிலம் வந்துவிடும். அந்த மாநில அரசு 2008 ஜூன் முதல் வீடுகளுக்கு முதல் 20 கன மீட்டரை இலவசமாகக் கொடுத்தது. 2020இலிருந்து அது வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. கூட்டரசுப் பிரதேசமான கோலாலம்பூரில் இருக்கும் எங்களுக்கு அந்தச் சலுகை ஒருபோதும் இருந்ததில்லை. கிள்ளானில் இருக்கும் என் நாத்தனார் தன் பில்லைக் காட்டி "நீங்க ஏன் இவ்வளவு கட்டுறீங்க?" என்று கேட்பதும், நான் மாநில எல்லையைக் காரணமாகச் சொல்வதும் குடும்ப விருந்துகளில் வழக்கமாகிவிட்ட ஒன்று. மற்றவர் பில்லோடு ஒப்பிடுவதைவிட நம் மீட்டரை நாமே படிப்பது பயனுள்ளது என்பது என் கருத்து.

அதனால் தொட்டி வாங்குவதற்கு முன்னால் மீட்டரிலிருந்து தொடங்கினேன். மீட்டர் முகப்பில் கறுப்பு எண்கள் கன மீட்டரைக் காட்டும். சிவப்பு எண்களும் சிறு முள்களும் லிட்டர் கணக்கைக் காட்டும். பில்லுக்குக் கறுப்பு எண்கள் போதும், ஒழுகலைக் கண்டுபிடிக்கச் சிவப்பு எண்கள்தான் வேண்டும். இரவு பதினொரு மணிக்கு எல்லாரும் குளித்து முடித்து, மேல்கூரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியும் நிரம்பி அடங்கிய பிறகு ஒருமுறை குறித்துக்கொண்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கு, யாரும் கழிவறைப் பக்கம் போகாத நிலையில் மறுபடியும் பார்த்தேன். ஆறு மணி நேரத்தில் 25 லிட்டர் ஓடியிருந்தது. வீடே தூங்கும்போது ஓடிய தண்ணீர் அது. ஒரு நாளுக்குக் கணக்கிட்டால் 100 லிட்டர், மாதத்துக்கு 3 கன மீட்டர். மூன்றாம் படி விகிதத்தில் மாதம் 6 ரிங்கிட்.

எங்கள் பைப் வேலைகளைப் பார்க்கும் தம்பி வந்ததும் முதலில் கூரை விளிம்பைத்தான் அண்ணாந்து பார்த்தார். மேல்தொட்டியின் மிதவை வால்வு பழுதானால் தண்ணீர் வழிந்தோடுவதற்கென்று ஒரு சிறு குழாய் சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் சொட்டு விழுந்தால் கோளாறு மேலே. எங்கள் குழாய் காய்ந்திருந்தது. "அக்கா, வீட்டுல சிராப் இருக்கா?" என்று கேட்டார். பண்டிகைக்கு வாங்கி மிச்சம் இருந்த ரோஸ் சிராப்பில் ஒரு கரண்டியைக் கழிவறையின் ஃபிளஷ் தொட்டியில் ஊற்றச் சொல்லி, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யக்கூடாது என்றார். மேல்மாடிக் கழிவறையில் வெள்ளைப் பீங்கானின் பின்புறத்தில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று இறங்கி, கீழே தேங்கிய தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியது. காதுக்குக் கேட்காத, கண்ணுக்கும் தெரியாத ஒழுகல். ஃபிளஷ் தொட்டியின் அடியில் இருக்கும் ரப்பர் மூடி நைந்துபோயிருந்தது. ஹார்டுவேர் கடையில் புதிய மூடி வாங்கி மாற்ற, கூலியோடு சேர்த்து 25 ரிங்கிட் ஆனது. நாங்கள் செய்த வேலைகள் அத்தனையிலும் போட்ட பணத்தை மிக விரைவாகத் திருப்பித் தந்தது அந்த ரப்பர் மூடிதான்.

மீட்டர் ஓடுவதற்குக் காரணம் வீட்டுக்குள்ளேயா, மீட்டருக்கும் வீட்டுக்கும் இடையில் புதைந்த குழாயிலா என்பதை அறியவும் எளிய வழி உண்டு. வீட்டுக்குள் நுழையும் இடத்திலிருக்கும் வால்வை மூடிய பிறகும் சிவப்பு முள் நகர்ந்தால் ஒழுகல் மண்ணுக்கடியில் இருக்கிறது. அந்தச் செலவும் வீட்டுக்காரர் தலையில்தான் விழும், ஏனெனில் மீட்டரைத் தாண்டிய குழாய் நம்முடையது. பில்லில் இருக்கும் எண் உண்மையாகவே படிக்கப்பட்டதா அல்லது மதிப்பீடா என்பதையும் பார்க்க வேண்டும். கதவு பூட்டியிருந்தோ, உள்ளே நாய் கட்டியிருந்தோ மீட்டரைப் பார்க்க முடியாமல் போனால் மதிப்பீடு போடுவார்கள். அந்த எண்ணை வைத்துச் சிக்கனத்தை அளப்பது வீண்.

இனி மழைநீருக்கு வருகிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் என் வயதினருக்கு 1998 நன்றாக நினைவிருக்கும். எல் நீனோ வறட்சியில் அணைகள் வற்றி, மாதக்கணக்கில் பங்கீட்டு முறையில் தண்ணீர் வந்த ஆண்டு அது. லோரித் தண்ணீருக்காக வாளிகளை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். அந்தப் பாடத்துக்குப் பிறகு 1999இல் வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு மழைநீர் சேகரிப்புக்கான வழிகாட்டியை வெளியிட்டது. 2012இல் வெளிவந்த வடிகால், நீர்ப்பாசனத் துறையின் நகர்ப்புற மழைநீர் மேலாண்மைக் கையேட்டில் இதற்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. பெரிய கூரை கொண்ட புதிய பங்களா வீடுகளுக்கு மழைநீர்த் தொட்டி கட்டட விதியாகவும் ஆக்கப்பட்டது. எங்களைப் போன்ற பழைய வரிசை வீடுகளை எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. நாங்கள் அசைந்தது 2020 செப்டம்பரில்தான். ரவாங் பகுதியில் ஆற்றில் கலந்த மாசினால் சிலாங்கூர் ஆற்றை நம்பியிருக்கும் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கும் கடைகளுக்கும் தண்ணீர் நின்றது. ஆறு பேர் இருக்கும் வீட்டில் கழிவறைக்குத் தண்ணீர் இல்லாத நாட்கள் எப்படியிருக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த நாட்களிலும் மாலையில் மழை பெய்து, கூரைத் தண்ணீர் முழுவதும் பின்புறக் கால்வாயில் ஓடிக்கொண்டிருந்தது.

எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கு மிக எளியது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லி மீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். தெறிப்பு, ஆவியாதல், ஓடு உறிஞ்சுவது போன்றவற்றுக்காக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடலாம். பின்பக்கச் சரிவும், சமையலறையை நீட்டிக் கட்டியபோது போட்ட தகரக் கூரையும் சேர்ந்து எங்களுக்குச் சுமார் 50 சதுர மீட்டர் வருகிறது. கோலாலம்பூரில் ஆண்டு மழை 2,400 மில்லி மீட்டர், அதாவது மாதச் சராசரி 200 என்று வைத்துக்கொண்டால், மாதம் 8 கன மீட்டர் கூரையிலிருந்து இறங்குகிறது. எங்களுக்குத் தேவைப்பட்ட ஒன்பதுக்கு இது மிக நெருக்கம் என்று தோன்றும். ஆனால் கூரையில் விழுவது வேறு, தொட்டியில் தங்குவது வேறு.

கோலாலம்பூரின் மழை மெதுவாகப் பெய்வதில்லை. மாலை நான்கு மணிக்கு இடித்துக்கொண்டு வந்து ஒரு மணி நேரத்தில் 25 மில்லி மீட்டரைக் கொட்டிவிட்டுப் போய்விடும். எங்கள் கூரையில் அந்த ஒரு மழையே 1,000 லிட்டர். மறுநாளும் அதே போல் பெய்தால் முதல் நாள் தண்ணீரில் கால்வாசிகூடச் செலவாகியிருக்காது, மிச்சமெல்லாம் வழிந்தோடும். ஆறு பேர் நாளுக்கு ஐந்து முறை, முறைக்கு 6 லிட்டர் என்று ஃபிளஷ் செய்தால் 180 லிட்டர். செடி, வாசல், வாகனம் என்று இன்னும் 50 லிட்டர். ஆக நாளுக்கு 230 லிட்டருக்கு மேல் எங்களால் மழைநீரைச் செலவழிக்கவே முடியாது. 1,000 லிட்டர் தொட்டி இந்தச் செலவுக்கு நான்கு நாட்கள் தாங்கும். ஏப்ரலிலும் நவம்பரிலும் நான்கு நாட்களுக்குள் மறுபடி மழை வந்துவிடும். ஜூன், ஜூலையிலும் ஆண்டின் தொடக்க மாதங்களிலும் தொட்டி காய்வது உண்டு. இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் எங்களுக்கு உண்மையில் மிச்சமாவது மாதம் 5 கன மீட்டர். கூரையின் அளவை மட்டும் வைத்துப் பெரிய எண்களைச் சொல்லும் விற்பனையாளர்களிடம் "ஒரு நாளைக்கு நாங்கள் எவ்வளவு செலவழிப்போம் என்று கணக்கிட்டீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டைப் பார்வையிட வந்த ஒருவர் 3,000 லிட்டர் தொட்டி, பம்பு, மூன்று வடிகட்டிகள், புறஊதா விளக்கு என்று பல ஆயிரம் ரிங்கிட்டுக்கு விலைப்பட்டியல் நீட்டினார். கழிவறைக்குப் போகும் தண்ணீருக்குப் புறஊதா விளக்கு எதற்கு என்று என் கணவர் கேட்டதற்கு அவரிடமிருந்து தெளிவான பதில் வரவில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் எங்கள் திட்டம் தப்பித்தது. இங்குள்ள பெரும்பாலான வரிசை வீடுகளில் கீழ்மாடிக் கழிவறை சமையலறையை ஒட்டிப் பின்புறம் இருக்கும். தொட்டியையும் அங்கேயே வைத்தால் குழாய் நீளம் குறையும், பம்பும் தேவைப்படாது. ஆனால் நிரம்பிய 1,000 லிட்டர் தொட்டி ஒரு டன் எடை. தகர மேடையில், இரும்புச் சட்டத்தில், கார் நிறுத்துமிடக் கூரையில் ஏற்றலாம் என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. சிமெண்டுத் தரையின் மேல் செங்கல் வைத்து இரண்டரை அடி உயரத்துக்குத் திடமான மேடை கட்டினோம். அந்த உயரத்துக்குக் காரணம், தொட்டியின் அடிமட்டம் ஃபிளஷ் தொட்டியின் நுழைவாயிலுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால்தான் தண்ணீர் தானாக ஓடும். ஒரு மீட்டர் உயரம் தரும் அழுத்தம் ‘பார்’ என்ற அழுத்த அலகில் பத்தில் ஒரு பங்குதான் என்பதால், ஃபிளஷ் தொட்டிக்குக் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் மிதவை வால்வைக் கேட்டு வாங்க வேண்டும். வழக்கமான வால்வைப் போட்டால் நிரம்புவதற்கு நீண்ட நேரம் பிடிக்கும். சலவை இயந்திரத்துக்கு இந்த அழுத்தம் போதாது, அதற்கு முயலவும் இல்லை.

தொட்டியை விட முக்கியமானது முதல் மழைநீரை விலக்கும் ஏற்பாடு. எங்கள் அத்தை பிறந்து வளர்ந்தது பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில். தகரக் கூரைக்கடியில் பீப்பாய் வைத்துப் பிடித்த தண்ணீரில்தான் துணி துவைத்ததாகச் சொல்வார். நாங்கள் கூரைத் தண்ணீரை வாங்கும் பீலியை நேராகத் தொட்டிக்கு இணைக்கப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, "ஏம்மா, மொதத் தண்ணியப் புடிக்காத. கூர கழுவிட்டுப் போவட்டும், அப்புறம் வையி" என்றார். கையேட்டில் படித்ததும் அதேதான்: முதல் அரை மில்லி மீட்டர் மழை கூரையின் அழுக்கைச் சுமந்து வருகிறது, 50 சதுர மீட்டருக்கு அது 25 லிட்டர். அத்தை காலத்தில் பீப்பாயைச் சற்று நேரம் கழித்து நகர்த்தி வைத்தார்கள். எங்களுக்காக அந்த வேலையை ஒரு குழாய் செய்கிறது. இறங்கு குழாயில் தொட்டிக்குப் பிரியும் இடத்துக்குக் கீழே ஆறு அங்குல பிவிசி குழாயை ஒன்றரை மீட்டர் நீளத்துக்குச் செங்குத்தாக இறக்கி, அடியில் திருகு மூடி போட்டோம். ஆறு அங்குலக் குழாய் மீட்டருக்குச் சுமார் 18 லிட்டர் கொள்ளும். முதலில் வரும் தண்ணீர் அதற்குள் நிரம்பும். உள்ளே மிதக்கும் பந்து மேலெழுந்து வாயை அடைத்ததும் பின்னால் வரும் தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும். அடிமூடியில் ஒரு சிறு துளை இருப்பதால் மழை நின்ற பிறகு அழுக்குத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வெளியேறி, அடுத்த மழைக்குக் குழாய் காலியாகிவிடும்.

சுமத்திராவிலிருந்து புகைமூட்டம் வந்து போன பிறகு பெய்யும் முதல் மழையில் அந்த அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். மைனா எச்சமும் பாசித்துகளும் கரியும் கலந்து, பால் சேர்க்காத, நீர்த்துப்போன கோப்பி ஓ போல ஒரு திரவம் வடியும். அதன் அடியில் மணலாக ஒரு படிவு விரலில் ஒட்டும். துளை அடைத்துக்கொண்டால் மொத்த ஏற்பாடும் பயனற்றுப் போகும் என்பதால் மூடியை அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டும். எங்கள் வீட்டில் இது மூத்த மகனின் வேலை. அவன் அதை விரும்பிச் செய்கிறான் என்று சொல்ல மாட்டேன்.

கொசுவைப் பற்றி எழுதாமல் இந்த ஊரில் மழைநீரைப் பற்றி எழுத முடியாது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரமே ஆகும். அதன் முட்டைகள் காய்ந்த தொட்டியின் சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தொட்டி காய்ந்தாலும் கவலை தீராது. சுகாதார அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது கொசுப்புழு கண்டால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 500 ரிங்கிட் அபராதம் விதிப்பார்கள். மழைநீரில் எங்களுக்கு ஏறக்குறைய நான்கு ஆண்டுகளில் மிச்சமாகும் தொகை அது, டிங்கியின் விலையையோ ரிங்கிட்டில் சொல்ல முடியாது. தொட்டியின் மேல்மூடி இறுக்கமாகத் திருகும் வகையாக இருக்க வேண்டும். தண்ணீர் நுழையும் வாய்க்கு மட்டுமல்லாமல், வழிந்தோடும் குழாயின் முனைக்கும் துருப்பிடிக்காத கம்பி வலை கட்ட வேண்டும். பலர் இந்த இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள், கொசு அந்த வழியாகத்தான் உள்ளே போகும். அபேட் மருந்துத் துகளை 10 லிட்டருக்கு 1 கிராம் அளவில் போட்டால் மூன்று மாதம் வரை புழு வளராது. எங்கள் தொட்டிக்கு 100 கிராம், சிறு துணிப்பையில் கட்டித் தொங்கவிடுகிறோம். இவை எல்லாவற்றையும் செய்துவிட்டுக் கூரைப் பீலியை மறந்துவிடக் கூடாது. பீலி நடுவில் தொய்ந்து, இலை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் கொசுவுக்கு அதுவே போதுமான குளம்.

இன்னொரு விதியில் சமரசமே கிடையாது. மழைநீர்க் குழாயை எக்காரணத்தை முன்னிட்டும் பொதுக் குழாயோடு நேரடியாக இணைக்கக் கூடாது. தண்ணீர் நிற்கும்போது பொதுக் குழாயில் அழுத்தம் குறைந்து, நம் தொட்டித் தண்ணீர் பின்னோக்கி இழுக்கப்பட்டால், அடுத்த வீட்டுச் சமையலறைக் குழாயில் நம் கூரை அழுக்கு வரும். நடுவில் ஒரு வால்வு வைத்தால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு, வால்வுகள் பழுதாகும். எங்கள் கீழ்மாடிக் கழிவறைக்கு இப்போது மழைநீர் மட்டும்தான் போகிறது. தொட்டி காய்ந்துவிட்டால், தோட்டக் குழாயைத் தொட்டியின் வாய்க்கு மேல், தண்ணீரைத் தொடாத உயரத்தில் பிடித்து நிரப்புகிறோம். அந்தக் காற்று இடைவெளியை மிஞ்சிய பாதுகாப்பு இல்லை. வீட்டுக்கு வருபவர்கள் குழம்பாமலிருக்க மழைநீர்க் குழாய்களுக்குப் பச்சை வண்ணம் அடித்து, வெளிக்குழாயின் மேல் குடிக்கக் கூடாது என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம். குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, குளிக்க இந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை.

செலவைச் சொல்கிறேன். தொட்டி, செங்கல் மேடை, பீலியும் குழாய்களும், வால்வும் வலையும், கூலி எல்லாம் சேர்த்து 2021இல் எங்களுக்கு 1,150 ரிங்கிட் ஆனது. மாதம் 5 கன மீட்டர் மிச்சம், அப்போதைய மூன்றாம் படி விகிதத்தில் அது 10 ரிங்கிட். போட்ட பணம் திரும்ப ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இண்டா வாட்டர் நிறுவனத்தின் கழிவுநீர்க் கட்டணமும் இதனால் குறையாது, ஏனெனில் எங்களைப் போன்ற வீடுகளுக்கு அது மீட்டரைப் பார்க்காமல் மாதம் 8 ரிங்கிட் என்று நிலையாக விதிக்கப்படுகிறது. 2024 பிப்ரவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் வீட்டுக் கட்டணத்தைக் கன மீட்டருக்குச் சராசரி 22 சென் உயர்த்துவதாகத் தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பான் அறிவித்த பிறகு இந்தக் கணக்கு எங்களுக்குச் சாதகமாகக் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. எனினும் லாபத்துக்காக இதைச் செய்யச் சொல்லி யாரையும் நான் தூண்டமாட்டேன். பக்கத்து வீட்டில் பணி ஓய்வு பெற்ற தம்பதியர் இருவர் மட்டும் இருக்கிறார்கள், அவர்கள் மாதம் 15 கன மீட்டரைத் தாண்டுவதில்லை. அவர்களும் தொட்டி வைக்கலாமா என்று கேட்டபோது வேண்டாம் என்றேன். முதல் படியில் இருப்பவர்கள் 5 கன மீட்டர் மிச்சப்படுத்தினால் பழைய விகிதத்தில் கிடைப்பது 2 ரிங்கிட் 85 சென். குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்றும் இருப்பதால், பயன்பாடு மிகவும் இறங்கினால் அந்தச் சொற்ப மிச்சமும் கைக்கு வராது.

மலிவான வழியும் இருக்கிறது. எதிர்வீட்டுச் சீன அங்கிள், உணவுத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வெளியேற்றப்பட்ட 200 லிட்டர் நீலத் தோங்குகள், அதாவது பீப்பாய்கள், இரண்டை வாங்கி, ஒன்றின் வழிவாய் மற்றொன்றில் விழும்படி இணைத்து வைத்திருக்கிறார். எங்கள் செலவில் கால்பங்குகூட அவருக்கு ஆகவில்லை. தோங்கில் முன்பு என்ன இருந்தது என்பதை மட்டும் விசாரித்து வாங்க வேண்டும், இரசாயனம் இருந்ததைத் தொடக்கூடாது. அவருடையதில் கிச்சாப், அதாவது சோயா சாஸ், இருந்திருக்கிறது. பல மழை கண்ட பிறகும் மூடியைத் திறந்தால் அந்த வாசம் மூக்கில் ஏறும், ஆனால் செடிகள் குறை சொல்லவில்லை என்கிறார். இரும்புக் கூண்டுக்குள் இருக்கும் வெள்ளை நிறத் தொட்டிகளும் பழைய சாமான் கடைகளில் கிடைக்கின்றன. வெளிச்சம் ஊடுருவுவதால் பாசி பிடிக்கும், கறுப்புத் தார்ப்பாய் சுற்ற வேண்டும்.

எங்கள் பயன்பாடு இப்போது 36 கன மீட்டரைச் சுற்றி நிற்கிறது. மழைநீர் 5, ரப்பர் மூடி 3. வாகனம் கழுவும் பழக்கம் மாறியதும் கொஞ்சம் உதவியிருக்கும். தோட்டக் குழாயின் கீழ் 10 லிட்டர் வாளியை வைத்து நேரம் பார்த்தபோது 40 விநாடியில் நிரம்பியது. அந்த வேகத்தில் இருபது நிமிடம் கார் கழுவினால் 300 லிட்டர், வாளியில் எடுத்துக் கழுவினால் முப்பது லிட்டரே அதிகம். கணவர் இதை நம்பவில்லை, தானே வாளி வைத்துப் பார்த்த பிறகு விட்டுவிட்டார். நாட்டில் சுத்திகரித்து அனுப்பப்படும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பழைய குழாய்களில் ஒழுகியும் வேறு வழிகளிலும் கணக்கில் வராமல் போகிறது, அப்படியிருக்க நாம் மட்டும் சிராப் ஊற்றிச் சோதிப்பதால் என்ன வந்துவிடும் என்று அவர் கேட்பார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் சாலைக்கடியில் ஒழுகும் தண்ணீருக்குத் தனியாகப் பில் வருவதில்லை, எங்கள் கழிவறையில் ஒழுகியதற்கு மாதம் 6 ரிங்கிட் வந்தது.

பினாங்கில், புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் தம்பிக்கு எங்கள் தொட்டியைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. "அக்கா, நானும் இதே மாதிரி வெச்சிடவா?" என்றான். அங்கே அப்போது முதல் 20 கன மீட்டருக்கு 22 சென்தான் விகிதம். 35 கன மீட்டரைத் தாண்டுபவர்களுக்கு 2010 முதல் நீர்ச் சிக்கனக் கூடுதல் கட்டணம் இருந்தது என்றாலும், நான்கு பேர் இருக்கும் அவன் வீடு அந்த எல்லையை நெருங்கியதே இல்லை. ஆயிரம் ரிங்கிட் போட்டால் அவன் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் திரும்பும் என்று சொல்லித் தடுத்துவிட்டேன். 2024 ஜனவரி 10 முதல் நான்கு நாட்கள் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றுவதற்காகப் பினாங்கின் பெரும்பகுதிக்குத் தண்ணீர் நிறுத்தப்படும் என்று முன்கூட்டியே அறிவித்தபோது மறுபடியும் அழைத்தான். அங்கே ஜனவரி வறண்ட மாதம், மழையை நம்பிப் பயனில்லை என்பதால், இரண்டு நீலத் தோங்குகளை வாங்கிக் குழாய்த் தண்ணீரையே முந்தின நாள் நிரப்பி வைக்கச் சொன்னேன். தண்ணீர் திரும்பிய பிறகு தோங்குகளைப் பின்புறக் கூரைக்கடியில் நகர்த்தி, இறங்கு குழாயை வெட்டி அதில் திருப்பிவிட்டான். மோட்டார் சைக்கிள் கழுவவும் வெற்றிலைக் கொடிக்கு ஊற்றவும் அது போதுமாக இருக்கிறது. பில்லில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்கிறான். தெரியாது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன்.